கொங்கு நாட்டு உழவர் போராட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன், ஜூலை வந்தால் எங்கள் பக்கம் பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் சங்கத்தார், போலீஸ் சுட்டதில் இறந்த உழவர்களின் நினைவுத்தூணுக்கு மாலை போடக் கூடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியூர் நண்பர்களும் வீட்டில் இருக்கிற காலேஜ் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, சங்கப் பொறுப்பிலும் இல்லை. அவிநாசிக்கு வடக்கே நாலு ஏக்கர் தோட்டம் வைத்துப் பண்ணையம் பார்க்கிறவன்.

கொங்கு என்றால் எந்தெந்த மாவட்டம்?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர். சேலம், தர்மபுரி, திண்டுக்கல் பக்கம் கொஞ்சம் கொஞ்சம். எல்லைத் தகராறை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மற்ற ஊர் விவசாயிகள் தண்ணீருக்குப் போராடினார்கள். நீங்கள் ஏன் கரண்டுக்குப் போராடினீர்கள்?

எங்களுக்குக் கரண்டுதான் தண்ணீர். தஞ்சாவூர்க்காரருக்கு ஆறு வீட்டு வாசலுக்கு வரும். எங்களுக்குப் பவானியும் காவிரியும் அமராவதியும் ஓரமாகப் போகின்றன. வாய்க்கால் எட்டாத காட்டில் கிணறு வெட்டினால்தான் அது தோட்டம். இல்லாவிட்டால் மானாவாரிக் காடு, சோளத்தட்டும் கொள்ளும்தான்.

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் கவலை ஓட்டினார்கள், அதாவது எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு எருது, வடக்கயிறு, சால். விடியக் கருக்கலில் பூட்டினால் வெயில் ஏறும்வரை எருது முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் பாய்வது பெரிய காரியம் என்பார். கவலை ஓட்டுகிறவருக்கு மட்டுமில்லை, மடை திருப்புகிற பெண்பிள்ளைக்கும் இடுப்பு விட்டுப் போகும். அப்புறம் மோட்டார் வந்தது. எருதை விற்றார்கள், கடன் வாங்கி மோட்டார் வைத்தார்கள், கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினார்கள். அந்த ஆழத்துக்குத் திரும்பக் கவலை பூட்ட முடியாது. ஒரு தலைமுறை முழுக்க மீட்டர் பெட்டிக்குள் தலையைக் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் அரசாங்கம் யூனிட் விலையை ஏற்றினால் அது தண்ணீர் விலையை ஏற்றியதுதான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில் எல்லாம் சுலபமாகப் புரியும். எங்கள் ஊர்ப் போராட்டம் எதைத் தோண்டினாலும் அடியில் ஒரு கிணறு இருக்கும்.

1970-ல் பெருமாநல்லூரில் என்ன நடந்தது?

விவசாய மின்சாரம் யூனிட் 8 பைசாவில் இருந்து 10 பைசா ஆனது. அன்றைக்கு ஒன்றாக இருந்த கோவை மாவட்டம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் கூடிய உழவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். பிறகு அரசு ஒரு பைசா குறைத்தது. பெருமாநல்லூர் இப்போது திருப்பூர் மாவட்டம், பனியன் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற சாலை. அங்கே ஒரு நினைவுத்தூண் இருப்பதைப் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப்பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒரு பைசா, இரண்டு பைசாவுக்கா உயிரை விட்டார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத வெளியூர்க்காரர் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய நாலு யூனிட். பத்து மணி நேரம் ஓட்டினால் நாற்பது. யூனிட்டுக்கு 2 பைசா கூடினால் நாளைக்கு 80 பைசா, மாதம் 24 ரூபாய். 1970-ன் 24 ரூபாய், அதுவும் ஏற்றிய தொகை மட்டும். பருத்தி, மஞ்சள், கரும்பு விலையை உழவன் வைப்பதில்லை, உரத்தின் விலையையும் அவன் வைப்பதில்லை. பில் கட்டாவிட்டால் மின்வாரியத்து ஆள் வந்து ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போவான். கொழுந்து விட்ட மஞ்சள் பத்து நாள் தாங்காது. ஃப்யூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்வார். பைசாவை விட அதுதான் அவருக்கு மறக்கவில்லை.

மாட்டுவண்டிப் போராட்டம் என்பது எது?

அது 1972. மறுபடியும் விலையேற்றம், கூடவே கூட்டுறவுக் கடனுக்கு ஜப்தி நெருக்கடி. கோரிக்கைப் பட்டியலில் மின்கட்டணத்தோடு கடன், விளைபொருள் விலை எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து சாலைகளில் நிறுத்திவிட்டார்கள்.

இதில் உள்ள சூட்சுமம் வண்டி கட்டியவருக்குத்தான் தெரியும். லாரியை நிறுத்தினால் டிரைவரை இறக்கிவிட்டு போலீஸே ஓட்டிக்கொண்டு போகலாம். மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தடியைத் தரையில் சாய்த்த வண்டியை யார் நகர்த்துவது? நகர்த்த மாடு வேண்டும். அந்த மாடு பழகினவன் குரலுக்குத்தான் நடக்கும். அவனோ பீடி பற்றவைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருக்கிறான். வைக்கோலும் தவிடும் வண்டியிலேயே இருந்தன, ஆகவே நாள் கணக்கு அவர்களுக்குப் பயமில்லை.

அந்த வருடம் ஜூலை 5 அன்று மாநிலத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உழவர்கள் இறந்தார்கள். அதனால்தான் ஜூலை 5-ஐ உழவர் தியாகிகள் நாளாகச் சங்கங்கள் வைத்திருக்கின்றன.

நாராயணசாமி நாயுடு யார்?

சி. நாராயணசாமி நாயுடு, 1925-ல் பிறந்தவர், கோவைக்கு வடக்கே வையம்பாளையம். தமிழக விவசாயிகள் சங்கத்தின் தலைவர். 1970-லும் 1972-லும் போராட்டத்தை நடத்தியவர். எழுபதுகளின் கடைசியில் சங்கம் கொங்கைத் தாண்டி மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-ல் கட்சியும் தொடங்கினார். என் அபிப்பிராயத்தில் அது அவர் செய்த தவறு. சங்கக் கூட்டத்துக்குப் பச்சைத் துண்டு போட்டு வந்த ஆட்கள் ஓட்டுப் போடும்போது பழைய சின்னத்துக்கே போட்டார்கள். 1984 டிசம்பரில் தேர்தல் சுற்றுப்பயணத்தில் கோவில்பட்டியில் இறந்துபோனார்.

இலவச மின்சாரம் அதனால் வந்ததுதானா?

யார் கொடுத்தது என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு வந்தது, 1990 வாக்கில் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. தூணுக்கு மாலை போடுகிறவர்கள் அது கேட்டு வாங்கியது என்பார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். மீட்டர் போனதும் கிணறு போய் ஆழ்துளைப் போர் வந்தது. போர் நானூறு அடி, எழுநூறு அடி என்று இறங்கி, அன்னூர், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடி தாண்டிப் புகைதான் வருகிறது. எங்கள் அப்பிச்சி குதித்து நீச்சலடித்த கிணற்றில் இப்போது வேலிக்கருவை முளைத்திருக்கிறது.

இதெல்லாம் பெரிய பண்ணையக்காரர்கள் போராட்டம்தானே? கூலிக்காரர்கள் எங்கே?

நியாயமான கேள்வி. மேடையில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கிணறும் மோட்டாரும் வைத்திருந்தவர்கள்தான் போராடினார்கள். அதில் ரெண்டு ஏக்கர்க்காரரும் உண்டு, ஐம்பது ஏக்கர்க்காரரும் உண்டு. கோரிக்கைப் பட்டியலில் விளைபொருள் விலை இருக்கும், கூலி உயர்வு இருக்காது. வண்டி கட்டியதிலும் கூட்டத்துக்கு வந்ததிலும் பண்ணையத்து ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர். பேசக் கூப்பிட்டதில்லை. பிறகு வந்த உயர்மின் கோபுரப் போராட்டத்திலும் இது மாறவில்லை: தென்னைக்கு இழப்பீடு கேட்டோம், அந்தத் தென்னையில் வருடம் முழுக்கக் காய் போட்டவருக்கு வேலை போனதற்கு என்ன என்று நாங்களும் கேட்கவில்லை, அரசாங்கமும் கேட்கவில்லை.

உயர்மின் கோபுரத்துக்கு நிலத்தையே எடுக்கவில்லையே. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கிறது. அப்புறம் என்ன?

பட்டா எங்கள் பேரில்தான் இருக்கிறது. நிலத்தில்தான் எங்களுக்கு வேலை இல்லை.

கோபுரத்துக்கு நிலம் கையகப்படுத்துவதில்லை. 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டம் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். தந்தியே 2013-ல் மூடியாயிற்று, அதன் சட்டம் எங்கள் தோட்டத்தில் நின்றது. நில உரிமையாளர் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் 16-ஆம் பிரிவில் உத்தரவு போடலாம். அப்புறம் போலீஸோடு வந்து வேலை நடக்கும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதாவது முதலில் கோபுரம், பிறகு நியாயம்.

400 கிலோவோல்ட் கம்பிப் பாதைக்கே 46 மீட்டர் அகலம் வேண்டும். சத்தீஸ்கரில் ராய்கரில் இருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் கோட்டுக்கு அதைவிட அகலம். 6,000 மெகாவாட் கொண்டுவரும் கோடு அது. அதை எதிர்த்துத்தான் 2018 டிசம்பரில் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் பல ஊரில் காத்திருப்புப் போராட்டமும் உண்ணாவிரதமும் நடந்தன. கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, போர் லாரி தன் கம்பத்தை நிமிர்த்த முடியாது. தண்ணீர் இல்லாத 46 மீட்டரைப் பாங்கிலும் அடமானம் வாங்கமாட்டார்கள், பெண் கொடுக்கிற வீட்டிலும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

மத்திய அரசின் 2015 வழிகாட்டுதல் கோபுரம் நிற்கிற இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதமும் கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024-ல் அதை 200, 30 என்று திருத்தினார்கள். போராடியதால் வந்த மாற்றம்தான். ஆனால் எந்த மதிப்பில் 30 சதவீதம் என்பதுதான் சண்டை. பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்புக்கும் ஊரில் விலை பேசுகிற மதிப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க நாமே குறைத்து எழுதிய பத்திரம்தான் இப்போது நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

எரிவாயுக் குழாய் மண்ணுக்குள்தானே போகிறது?

மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் கொச்சி–பெங்களூரு குழாய் தமிழகத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டம், ஏறக்குறைய 310 கிலோமீட்டர். 1962 சட்டப்படி நிலத்தின் "உபயோக உரிமை"யை மட்டும் எடுப்பார்கள். அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: கட்டடம் கட்டக் கூடாது, குளமோ கிணறோ தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. 20 மீட்டர் அகலத்துக்கு. இழப்பீடு நிலமதிப்பில் 10 சதவீதம்.

2013-ல் தோட்டங்களுக்குள் பொக்லைன் இறங்கியபோது பெண்கள்தான் முதலில் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் தமிழக அரசின் மனுவைத் தள்ளியது. கட்சி எதுவானாலும் மாநில அரசு கூட நின்றும் தோற்ற போராட்டம் என்பதால் இதைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டால் தண்ணீர் மிச்சம்தானே? அதை ஏன் எதிர்த்தீர்கள்?

எதிர்த்தவர்களும் விவசாயிகள், ஆதரித்தவர்களும் விவசாயிகள். இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பதில் சொல்லச் சிரமமான கேள்வி இது.

பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. அதில் இருந்து கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலாகப் போய் 2.07 லட்சம் ஏக்கர் பாய்கிறது. முதல் போகத்துக்குப் பாதி ஆயக்கட்டு (பாசன உரிமை உள்ள நிலம்), இரண்டாம் போகத்துக்கு மீதி. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர் சொல்வது: மேலே கசிந்து, திருடி, உடைப்பெடுத்து எங்களுக்கு வருவதற்குள் நாத்து காய்கிறது, காங்கிரீட் போடுங்கள். வாய்க்காலை ஒட்டிய தோட்டக்காரர் சொல்வது: அந்தக் கசிவுதான் எழுபது வருடமாக எங்கள் கிணற்றை நிரப்புகிறது, ஊர்க் குடிநீர்க் கிணறும் அதில்தான், தளத்தில் சிமெண்ட் போட்டால் நாங்கள் செத்தோம். 709 கோடி ரூபாய்த் திட்டம் என்றதும் இரண்டு பக்கமும் உண்ணாவிரதம், இரண்டு பக்கமும் வழக்கு. மாமனும் மச்சானும் எதிரெதிர் பந்தலில் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். மதியம் ஒருவருக்கொருவர் மோர் கொடுத்தனுப்பிக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

கசிவு வீணா, பாசனமா? இஞ்சினியர் கணக்கில் வீண். கிணற்றுக்காரன் கணக்கில் பாசனம். ஆயக்கட்டுப் பதிவேட்டில் அந்தக் கிணற்றுக்கு இடமே இல்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

அன்னூரில் என்ன தீர்ந்தது?

தொழிற்பேட்டைக்கு அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,862 ஏக்கர் என்று அரசாணை வந்தது. நாராயணசாமி நாயுடு ஊர்ப்பக்கம் அல்லவா, கடையடைப்பும் நடைபயணமுமாக விடவில்லை. 2022 டிசம்பரில் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிற 1,630 ஏக்கர் மட்டும் என்று அரசு சொன்னது. ஊர்க்காரர்கள் இன்னும் அந்த அரசாணை நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காட்டில் யாரோ சிவப்பு பெயிண்ட் அடித்த கல் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலில் என்ன செய்வது?

கல்லைப் பிடுங்காதீர்கள். கோபம் வரும், பிடுங்கினால் உங்கள் மேல் வழக்கு. போட்டோ எடுங்கள். பிறகு எந்தச் சட்டத்தில் வருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குழாய் என்றால் 1962 சட்டம், நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம், இரண்டிலும் அறிவிப்பு வந்த 21 நாளில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு நீங்கள் வாங்காத பேப்பரில் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும். 21 நாள் தாண்டிய பிறகு ஆயிரம் பேர் மறியல் செய்தாலும் கோர்ட் முதலில் கேட்பது "ஆட்சேபம் கொடுத்தீர்களா" என்றுதான்.

அடுத்தது அடங்கல், அதாவது நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கிற கிராமக் கணக்கு. உங்கள் தென்னை, கிணறு, போர் எல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாத மரம் காற்றில் நிற்கிற மரம், வெட்டினால் காசு வராது. மனு கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வெச்சுட்டுப் போங்கண்ணா, பார்த்துக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். "இருக்கட்டுங்க, சீல் போட்டதும் போறேனுங்க" என்று அதைவிட மரியாதையாகச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்காருங்கள்.

கிராமசபைத் தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. ஆனால் போடுங்கள், கோர்ட்டில் காட்ட உதவும். தலைவர் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அதற்கு முன் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

மறியலில் கைது என்றால் ஜெயிலா?

பெரும்பாலும் கல்யாண மண்டபம். பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்தில் எந்த மண்டபம் காலியோ அங்கே கொண்டுபோவார்கள். பேர், ஊர், அப்பா பேர் எழுதுவார்கள். மதியம் பொட்டலம் வரும். எங்களுக்கு வந்தது தக்காளி சாதம், ஊறுகாய் இல்லை. வயதான ஒரு அம்மா, "ஏனுங்க சார், நான் சர்க்கரைக்காரி, இதைத் திங்க முடியாது" என்றதும் ஒரு பெண் போலீஸ் தன் டிபன் பாக்ஸில் இருந்த களியை எடுத்துக் கொடுத்தார். அவரும் காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்தானாம். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள்.

விட்டுவிட்டார்கள் என்றால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பார்கள். நாலு வருடம் கழித்துப் பையன் பாஸ்போர்ட்டுக்கு அல்லது அரசு வேலைக்கு எழுதிப் போடும்போது அது எழுந்து வரும். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை போன்ற போராட்ட வழக்குகளை 2021-ல் அரசு திரும்பப் பெற்றது. உங்களுடையது அதில் சேர்ந்ததா என்று ஸ்டேஷனில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். படிக்கிற பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பது என் சொந்த யோசனை.

எல்லாம் தீரன் சின்னமலையில் தொடங்கியது என்கிறார்களே?

ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கம்பெனிப் படையோடு மோதி 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். பானர் போட நல்ல படம். ஆனால் பைசாக் கணக்கும் பட்டாக் கணக்கும் வேறு வகைச் சண்டை.

ஒன்றாவது ஜெயித்ததா?

அத்திக்கடவு–அவிநாசி. அப்பா இளவட்டமாக இருந்தபோது கேட்க ஆரம்பித்த திட்டம். 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். பவானியில் இருந்து 1.5 டி.எம்.சி. தண்ணீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். நொய்யல் ஆற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவுத் தொட்டி ஆனது, சுற்றுவட்டக் கிணறெல்லாம் கெட்டுப்போனது. விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தி 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வாங்கினார்கள். கிணறு இன்னும் நல்லதாகவில்லை. திருப்பூரில் வேலை போனவர்களிடம் இதை வெற்றி என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தில் கோபுரம் இருக்கிறதா?

கோபுரம் பக்கத்துத் தோட்டத்தில். கம்பி என் மேல். எந்தக் கோடு என்று எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பதினாலு தென்னை போனது. அடங்கலில் பதினொன்றுதான் இருந்ததால் பதினொன்றுக்குத்தான் கணக்கு. சர்வேயர் டேப் பிடித்தபோது அப்பா கிணற்றுமேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிணறு பாதைக்கு வெளியே ஒன்பது அடியில் தப்பியது. சர்வேயர் போனபிறகு அவரே கயிறு எடுத்து இன்னொரு தடவை அளந்தார். போன ஐப்பசியில் அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் ஊர்க் குட்டைக்கு வந்த பிறகு கிணற்றில் அடியில் கொஞ்சம் ஈரம் தெரிகிறது. கருவையை வெட்டச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன்.